பசியை மறக்காத பண்டிதை

இந்தியப் பெண் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பண்டித ரமாபாய்க்கு ஒரு பத்தி ஒதுக்குவது வழக்கம். சம்ஸ்கிருதத்தில் புலமை பெற்ற பெண்மணி, கைம்பெண்களுக்கு இல்லம் நடத்தியவர், கிறிஸ்தவராக மதம் மாறியவர் என்ற மூன்று செய்திகளோடு அந்தப் பத்தி முடிந்துவிடும். மதமாற்றத்தைப் போற்றுவோர் அவரைப் புனிதவதியாக்கிவிடுகின்றனர். அதை வெறுப்போர் அவர் பெயரைச் சொல்லாமலே கடந்துவிடுகின்றனர். 1907ஆம் ஆண்டில் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறிய தன்வரலாற்றையும், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய பஞ்ச அனுபவக் குறிப்பையும் அண்மையில் அடுத்தடுத்துப் படித்தேன். அவருடைய வாழ்க்கையை மதத்தின் கதையாகப் படிப்பதற்கு முன் பசியின் கதையாகப் படித்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ரமாபாய் 1858ஆம் ஆண்டு மேற்குத் தொடர்ச்சி மலையில், இன்றைய கர்நாடகத்தைச் சேர்ந்த கங்காமூலக் காட்டில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே சித்பாவன அந்தணர், பெரும் வித்வான். மனைவியை இழந்து நாற்பது வயதைக் கடந்திருந்த அவர், யாத்திரையின்போது கோதாவரிக் கரையில் நீராட வந்த இடத்தில் வேறொரு யாத்திரிகரைச் சந்தித்தார். அந்த மனிதர் ஒன்பது வயதான தம் மகளை மறுநாளே இவருக்கு மணமுடித்துக் கொடுத்துவிட்டுத் தம் வழியே போனார். அந்தச் சிறுமிதான் ரமாபாயின் தாய் இலட்சுமிபாய். பின்னாளில் அமெரிக்க வாசகர்களுக்கு இந்தியக் குழந்தைத் திருமணத்தை விளக்க வந்தபோது ரமாபாய் இந்த நிகழ்ச்சியையே எடுத்துக்காட்டினார். ஆயினும் தந்தையின்மீது அவருக்குக் கடைசிவரை குறையாத மதிப்பு இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. அந்தச் சிறுமிக்கு அனந்த சாஸ்திரி சம்ஸ்கிருதம் கற்பித்தார். ஊர் வெகுண்டபோது உடுப்பியில் பண்டிதர்கள் கூடிய சபையில் சாத்திர ஆதாரங்களை அடுக்கித் தம் செயலை நிலைநாட்டினார். அதன் பிறகும் வசை ஓயாததால் காட்டுக்குள் ஆசிரமம் அமைத்துக்கொண்டார்.

ஆசிரமத்துக்கு வந்த மாணவர்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் சோறிட்டே சொத்து கரைந்தது. ரமாபாய் பிறந்து ஆறு மாதமானபோது குடும்பம் காட்டை விட்டுப் புறப்பட்டது. குழந்தையைப் பிரம்புக் கூடையில் வைத்து ஓர் ஆள் தலையில் சுமந்து மலையிறங்கினார். அதன் பின் அவர்களுக்கு நிலையான வீடு என்று ஒன்று அமையவேயில்லை. கோயில் கோயிலாகச் சென்று மண்டபங்களில் அமர்ந்து புராணம் வாசித்தார்கள். கேட்டவர்கள் வைத்த காணிக்கையில் உண்டார்கள். ரமாபாய்க்குப் பாடம் சொன்னவர் தாய்தான். விடியுமுன் மடியில் கிடத்திக்கொண்டு சொல்லிக்கொடுத்த சுலோகங்கள் பதினைந்து வயதுக்குள் பல்லாயிரமாகச் சேர்ந்துவிட்டன. ஆனால் சோறு சம்பாதிக்கும் தொழில் எதையும் அந்தக் குடும்பத்தில் யாரும் கற்றிருக்கவில்லை. உடலுழைப்பால் பிழைப்பது அவர்கள் நிலைக்குத் தகாதது என்று நம்பி வளர்ந்தவர்கள் அவர்கள்.

தாது வருஷப் பஞ்சத்தைத் தமிழ்நாட்டில் பாட்டிமார் கதையாகச் சொல்லக் கேட்டவர்கள் இன்றும் உண்டு. அதற்கு முந்திய சில ஆண்டுகளிலேயே சென்னை மாகாணத்தில் விலைவாசி ஏறத் தொடங்கியிருந்தது. காணிக்கை குறைந்தது. நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களும், கடைசியில் சமையல் பாத்திரங்களும் விலைபோயின. இவ்வளவுக்கும் நடுவே விரதமும் தானமும் குறைந்தால் தெய்வம் கைவிட்டுவிடும் என்ற அச்சத்தில், இருந்த பணத்தை எல்லாம் அந்தணர்களுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தார் அனந்த சாஸ்திரி. கடைசி அரிசியும் தீர்ந்த நாளில், பிச்சையெடுத்துப் பிழைப்பதைவிடக் காட்டுக்குள் போய் இறப்பது மேல் என்று முடிவுசெய்து, திருப்பதி மலையை அடுத்த காட்டுக்குள் ஐவரும் நுழைந்தார்கள். பதினொரு நாள்கள் தண்ணீரும் இலையும் கைப்பிடி ஈச்சம் பழமுமே உணவு. தந்தைக்குப் பார்வை போயிருந்தது. அவர் ஒரு குளத்தில் இறங்கி உயிர்விடத் துணிந்தார். எல்லோரிடமும் விடைபெற்றபின் கடைக்குட்டியான ரமாபாயை அணைத்துக்கொண்டு, நேர்மையாக வாழ வேண்டும், ஆயுள் முழுவதும் தெய்வத்துக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அப்போது அண்ணன் சீனிவாசன் குறுக்கிட்டார். குலப் பெருமையையும் கல்விப் பெருமையையும் விட்டுவிட்டு எந்த வேலையாவது செய்து பெற்றோரைக் காப்பாற்றுவேன் என்றார். அவர்கள் காட்டை விட்டு வெளியே வந்தார்கள். ஆனால் நேரம் கடந்திருந்தது. பக்கத்துக் கிராமமொன்றில் தந்தை இறந்தார். சில வாரங்களில் தாயும் படுத்தார். வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் இதை 1874ஆம் ஆண்டு என்று குறிக்கின்றனர்.

தாயின் கடைசி நாள்களை ரமாபாய் எழுதியிருக்கும் பக்கத்தை ஒரே மூச்சில் படிக்க என்னால் முடியவில்லை. காய்ச்சலிலும் பசியிலும் பிதற்றிய தாய்க்கு ஏதேனும் வாங்கிவர அண்டை வீட்டு வாசலில் போய் நின்றார் அந்தப் பதினாறு வயதுப் பெண். வாய் திறந்து கேட்க நா எழவில்லை. கண்ணீரை அடக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்த வீட்டுக்காரப் பெண்மணி கம்பு ரொட்டியில் ஒரு துண்டு கொடுத்தார். கொண்டுவந்தபோது அதை உண்ணும் நிலையில் தாய் இல்லை. அவர் இறந்தபின் பாடை தூக்க ஆள் கிடைக்கவில்லை. இரக்கப்பட்டு இருவர் வந்தார்கள். அண்ணன் மூன்றாமவர், ரமாபாய் நான்காமவர். சுடுகாடு மூன்று மைல் தொலைவு. உயரம் குறைந்தவராதலால் தோளில் ஏந்த இயலாமல் தன் பக்கத்துக் கொம்பைத் தலையில் தாங்கிச் சென்றார். மூத்த சகோதரியும் பின்னர் வாந்திபேதியில் போய்விட்டார்.

எஞ்சிய இருவரும் வடக்கு நோக்கி நடந்தார்கள். ஆயிரக்கணக்கான மைல்கள். பஞ்சாபின் ஜீலம் ஆற்றங்கரையில் குளிர்காலத்தில் போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல், சவக்குழிபோல் இரண்டு குழி தோண்டி, அவற்றுள் படுத்து, உலர்ந்த மணலை மேலே வாரிப்போட்டுக்கொண்டு தூங்கினார்கள். ஊறவைத்த தானியமும் உப்பும் பல நாள்களுக்கு உணவு. புராணங்கள் சொன்ன விரதங்களை எல்லாம் குறைவின்றிச் செய்தோமே, ஏன் இப்படி என்ற கேள்வி அந்த நடையில்தான் பிறந்தது. அவருடைய நம்பிக்கை தளர்ந்ததற்கு மிஷனரிகளின் பிரசாரத்தைக் காரணமாகச் சொல்வோர் இந்தக் காலவரிசையைக் கவனிப்பதில்லை. அதுவரை கிறிஸ்தவம் அவரை நெருங்கவேயில்லை.

1878ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கு வந்தபின் நடந்தவை பலரும் அறிந்தவை. பண்டிதர்கள் அவரைச் சோதித்து வியந்து பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டமளித்தார்கள். 1880இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு வேறு சாதியைச் சேர்ந்த வங்காள வழக்கறிஞர் விபின் பிஹாரி மேதாவியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அசாமிலுள்ள சில்சாருக்குச் சென்றார். மகள் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் கணவரும் வாந்திபேதியில் இறக்க, இருபத்து நான்கு வயது நிறையுமுன் கைக்குழந்தையுடன் கைம்பெண்ணானார். புணேவுக்குத் திரும்பி ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். ஹண்டர் கல்விக் குழுவின் முன் பெண் ஆசிரியைகளும் பெண் மருத்துவர்களும் வேண்டுமென்று சாட்சியமளித்தார். மராத்தியில் எழுதிய நூலின் வருவாயைக் கொண்டு 1883இல் மருத்துவம் படிக்க இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். செவித்திறன் குறைந்துகொண்டே வந்ததால் மருத்துவப் படிப்பு கைகூடவில்லை.

இங்கிலாந்தில் வாண்டேஜ் என்ற ஊரிலிருந்த ஆங்கிலிக்கன் சகோதரிகளின் மடம் அவருக்கு இடமளித்தது. அவர்களில் சிலர் லண்டனை அடுத்த புல்ஹாமில் சமூகம் ஒதுக்கிய பெண்களுக்காக நடத்திவந்த இல்லத்தை அவர் பார்க்க நேர்ந்தது. வழிதவறியவள் என்று முத்திரை குத்தப்பட்ட பெண்ணைத் தண்டிக்காமல் தாங்கிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்க முடியும் என்பதே அவருக்குப் புதிய செய்தி. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். அந்தச் சகோதரி கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணிடம் பேசிய அதிகாரத்தை வாசித்துக் காட்டினார். 1883 செப்டம்பர் 29 அன்று தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றனர். உடன் வந்திருந்த தோழி ஒருவர் அதற்குச் சற்று முன் அங்கேயே தற்கொலை செய்துகொண்டிருந்தார். அந்தத் துயரத்தின் நிழலில் நடந்த ஞானஸ்நானம் அது என்பதை அவருடைய பக்தர்கள் எழுதும் சரிதங்கள் விரைந்து கடந்துபோகின்றன.

புதிய வீட்டில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர் அந்த வீட்டாரின் சொல்லுக்கெல்லாம் தலையாட்டவில்லை. ரமாபாயின் ஞானத்தாயாக நடந்துகொண்ட சகோதரி ஜெரால்டினுக்கும் அவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து நூலாக வந்திருக்கிறது. சிலுவையில் லத்தீனுக்குப் பதிலாகச் சம்ஸ்கிருதத்தில் ஏன் எழுதக் கூடாது என்று கேட்கிறார். இறைச்சி உண்ண மறுக்கிறார். செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் ஆண்களுக்குப் பாடம் நடத்தினால் இந்தியாவில் அவர் மதிப்புக் கெடும் என்று இந்தியாவிலிருந்த பேராயர்கள் தடுத்தபோது கொதித்தெழுகிறார். இந்தியாவில் ஆண்கள் நிறைந்த சபைகளில் பேசிப் பழகியவர் அவர். திரித்துவக் கோட்பாட்டை விளங்காமல் ஏற்க முடியாது என்று வாதிடுகிறார். இந்தச் சச்சரவுகளில் அவருக்கு மிகவும் வலித்தது மகளைப் பற்றியது. மனோரமாவுக்கு என்ன கற்பிப்பது என்பதைச் சகோதரிகள் தீர்மானிக்க முற்பட்டபோது, தான் நம்பாத ஒன்றைத் தன் குழந்தைக்குப் புகட்டும் உரிமை எவருக்கும் இல்லை என்று உறுதியாக நின்றார். இந்தக் கடிதங்களை மறந்துவிட வேண்டாம். சற்றுப் பின்னர் இவற்றுக்குத் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

1886இல் உறவினரான ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெறும் விழாவுக்காக அமெரிக்கா சென்றார். மறு ஆண்டு உயர்சாதி இந்துப் பெண்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். பாஸ்டனில் அவர் பெயரால் அமைந்த சங்கம் பத்தாண்டு உதவிக்கு உறுதியளித்தது. 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் சாரதா சதனம் இரண்டே மாணவியருடன் திறக்கப்பட்டது. அங்கே சேர்ந்த முதல் கைம்பெண் கோதுபாய். பின்னாளில் அவரை மணந்தவர் பெண்களுக்கான பல்கலைக்கழகம் கண்ட தோண்டோ கேசவ கார்வே. மதபோதனை செய்வதில்லை என்பது பள்ளியின் நிபந்தனை. ரானடேயும் பண்டார்க்கரும் ஆலோசனைக் குழுவில் இருந்தார்கள். மாணவியர் சிலர் ரமாபாயின் அறையில் நடந்த வழிபாட்டுக்குத் தாமாகவே வந்து அமரத் தொடங்கியபோது பூசல் எழுந்தது. திலகரின் கேசரி கடுமையாகத் தாக்கியது, குழு விலகியது, 1893இல் இருபதுக்கும் மேற்பட்ட பெண்களை உறவினர்கள் அழைத்துச் சென்றுவிட்டார்கள். கதவைத் திறந்து வைத்தது மட்டுமே தன் செயல் என்று ரமாபாய் சொன்னார். பொய்யில்லைதான். ஆனால் அன்னமிடுபவரின் திறந்த கதவு வெறும் கதவன்று என்பதை ரானடே போன்ற பண்பட்ட மனிதர்கள் உணர்ந்திருந்ததில் வியப்பில்லை. அவர்களது மனக்குறையைப் பழைமைவாதம் என்று ஒதுக்க எனக்கு விருப்பமில்லை.

1896ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய மாகாணங்களில் பஞ்சம் என்ற செய்தி வந்தது. ரமாபாய் உடனே புறப்பட்டுவிடவில்லை. கையில் பணம் இல்லை, பொறுப்பு அதிகம் என்று தயங்கியதாக அவரே எழுதுகிறார். தயக்கத்தை உடைத்தது பழைய நினைவு. அங்கே போய்ப் பார்த்தபோது கஞ்சித் தொட்டிகளையும் நிவாரண முகாம்களையும் சுற்றி வேறொரு கூட்டம் உலவியது: ஆதரவற்ற சிறுமிகளைச் சோற்றைக் காட்டி அழைத்துச் செல்லும் தரகர்கள். காட்டை விட்டு வெளியேறிய நாள்களில் தனக்குப் பக்கத்தில் அண்ணன் இருந்தான், இவர்களுக்கு எவரும் இல்லை என்று அவர் கண்டார். எலும்பும் தோலுமாக, புண்ணும் சிரங்குமாகக் கிடந்த சிறுமிகளைக் கூட்டம் கூட்டமாக ரயிலேற்றினார். புணேயில் பிளேக் பரவியிருந்ததால் அதிகாரிகள் அவர்களை நகரில் வைத்திருக்க அனுமதிக்கவில்லை. எனவே அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கேட்காவ்ன் கிராமத்தில் முன்பே வாங்கியிருந்த நிலத்தில் கூடாரமும் கொட்டகையும் போட்டுத் தங்கவைத்தார். முக்தி இல்லம் உருவான கதை இதுதான். 1900ஆம் ஆண்டில் குஜராத்துப் பஞ்சமும் சேர்ந்துகொள்ள, அங்கிருந்தவர் தொகை ஏறத்தாழ ஈராயிரமாயிற்று.

அந்நாளில் தத்தெடுப்பது என்றால் பெரும்பாலும் ஈமக்கடன் செய்ய ஓர் ஆண்பிள்ளையைத் தத்தெடுப்பதுதான். பெண் குழந்தையை, அதிலும் குலம் கோத்திரம் தெரியாத பஞ்சக் குழந்தையை மகளாக்கிக்கொள்ள வழக்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை. கிறிஸ்தவத்தின் மையத்திலோ அத்தகைய சேர்ப்பு ஒன்று இருக்கிறது. பவுலின் நிருபங்களில் வரும் அச்சொல்லைத் தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு புத்திர சுவிகாரம் என்றே சொல்கிறது. உரிமை எதுவும் இல்லாதவர் பிள்ளையின் உரிமையோடு வீட்டுக்குள் அழைக்கப்படுதல் என்பது அதன் பொருள். ரமாபாயின் தன்வரலாற்றுப் பிற்பகுதியில் இவ்வெண்ணமே அடிநாதமாக ஓடுவதாக எனக்குப் படுகிறது. ஞானஸ்நானம் பெற்று எட்டாண்டுகள் கழித்தே, 1891 வாக்கில், தான் ஒரு மதத்தை ஏற்றிருந்தோமேயன்றி மீட்பரை அடையவில்லை என்று உணர்ந்ததாக எழுதுகிறார். அதற்குப் பிறகு அவருடைய சமயம் கோட்பாட்டு விவாதத்தைக் கடந்து ஒரு வீட்டின் உறவுபோல ஆகிவிடுகிறது.

முக்தியில் பிரார்த்தனை மட்டும் நடக்கவில்லை. நெசவு, அச்சகம், எண்ணெய்ச் செக்கு, பால்பண்ணை, சலவை, வயல் வேலை என்று கைத்தொழில்கள் நிறைந்திருந்தன. தகுதிக்குக் குறைவு என்று உழைப்பை ஒதுக்கிய ஒரு குடும்பம் காட்டில் என்ன ஆயிற்று என்று பார்த்தவர் அவர். தம்மிடம் வந்த பெண் எவளும் தொழில் கற்காமல் வெளியே போகக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். சாரதா சதனத்தில் படித்தவர்கள் புதியவர்களுக்கு ஆசிரியைகளாகவும் மேற்பார்வையாளர்களாகவும் ஆனார்கள். பார்வையற்ற சிறுமிகளுக்குப் பிரெய்ல் கற்பிக்கப்பட்டது. அரசின் தயவை நாடி அவர் வாய்மூடியிருக்கவுமில்லை. 1897இல் புணே பிளேக் மருத்துவமனையில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்துப் பம்பாய் கார்டியன் இதழில் கடிதம் எழுதினார். பம்பாய் ஆளுநர் அதை மறுத்துரைக்க வேண்டியதாயிற்று.

இனி அந்தக் கடிதங்களுக்கு வருகிறேன். தன் மகளுக்கு வேறொருவர் சமயம் புகட்டுவதை எதிர்த்த தாய், பஞ்சத்தில் பெற்றோரை இழந்த நூற்றுக்கணக்கான சிறுமிகளுக்குத் தாமே சமயம் கொடுத்தார். முக்தியில் மதபோதனை இல்லை என்ற நிபந்தனை இல்லை. அது வெளிப்படையாகவே கிறிஸ்தவ இல்லம். 1905இல் அங்கே எழுந்த பெரும் ஆவிக்குரிய எழுச்சியில் ஏராளமான பெண்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். வாண்டேஜில் தமக்காகக் கேட்ட சுதந்திரம் கேட்காவ்னின் பத்து வயதுச் சிறுமிக்கு இருந்ததா? இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தச் சிறுமிக்கு எதிரே இருந்தவை முக்தியும் அவள் பிறந்த வீடும் அல்ல, முக்தியும் தரகர்களும்தான் என்பதையும் மறைக்க முடியவில்லை. அவரைப் பழித்த பத்திரிகைகளின் வாசகர்களில் எத்தனை பேர் ஒரு பஞ்சப் பெண்ணைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அக்கேள்வி முந்தைய கேள்விக்கு விடையாகாது. இரண்டையும் சேர்த்தே அவரைப் படிக்கிறேன். ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்தும் எந்தச் சமயத்தாருக்கும் இன்றும் இந்த இரண்டும் எதிரே நிற்பவைதாம்.

துயரத்திலிருந்து மீண்டு விசுவாசத்தை அடைந்ததாகச் சொல்லும் நினைவுக் குறிப்புகள் ஏராளமாக வருகின்றன. பெரும்பாலானவற்றில் துயரம் வெறும் படிக்கட்டு; மேலே ஏறியபின் திரும்பிப் பார்ப்பதில்லை. ரமாபாய் ஏறியபின்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தவர். கைவிட்ட மதத்தைக் கடுமையாகப் பேசுகிறார். சில இடங்களில் மிகையாகவும் பேசுகிறார். ஆனால் அந்த மதத்திலேயே இறந்த தாய் தந்தையரைப் பற்றி எழுதும்போது அவருடைய உரைநடை கனிந்துவிடுகிறது. குருடரான தந்தை காட்டில் சொன்ன சொற்களையே தம் பிற்கால வாழ்வின் கட்டளையாக அவர் கொள்கிறார். கணவரைப் பற்றி மிகச் சில வரிகளே எழுதினார். இரண்டாண்டுகூட நிறையாத மணவாழ்வைப் பற்றி எழுத ஒன்றுமில்லாமலா, எழுத முடியாமலா என்று வாசகர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஈடுபட்டது எளிய பெண்களும் புரிந்துகொள்ளும் மராத்தியில் விவிலியத்தை மூல மொழிகளிலிருந்து பெயர்க்கும் பணியில். அதற்காகவே எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். இல்லத்தின் பொறுப்பை மனோரமாவிடம் ஒப்படைத்திருந்தார். 1919இல் அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. 1921 ஜூலையில், நாற்பதாவது வயதில் மனோரமா இறந்தார். ஐவராகக் காட்டுக்குள் போன குடும்பத்தில் உயிர்தப்பிய ஒருவர், தாம் பெற்ற ஒரே பிள்ளைக்கும் விடைகொடுத்துவிட்டு மறுபடி அச்சுப்படிகளைத் திருத்த உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 5 அன்று அவரும் மறைந்தார். அவருக்குப் பின் முழுமையாக வெளிவந்த அந்த மராத்தி விவிலியத்துக்கு எழுத்துக் கோத்தவர்களும் அதை அச்சேற்றியவர்களும் முக்தியில் வளர்ந்த பெண்கள்.